நெல்லை வெயிலில் 19 லிட்டர் கெக்: கொம்புச்சா போடுகிறவர்களுக்கான பயன்பாட்டு அனுபவம்

பீர் காய்ச்சுகிறவர்கள் பிரஷர் ஃபெர்மென்டராக, அதாவது அழுத்தத்தோடு புளிக்கவைக்கும் கலனாக, பயன்படுத்தும் அதே ஏனம்தான். 304 ரக எவர்சில்வரில் 19 லிட்டர் பால்-லாக் (ball-lock, இணைப்பான் குண்டுகளால் பூட்டிக்கொள்ளும் வகை) கெக், அதாவது அழுத்தம் தாங்கும் மூடிய கலன், அதன் தலையில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பண்டிங் வால்வு, அழுத்தத்தைக் காட்டும் ஒரு கேஜ். தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்ச 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இடம் தராது. அதனால் இங்கே பேசுவது கொம்புச்சாவும் (சீனி போட்டுப் புளிக்கவைத்த தேநீர்) இஞ்சி-கருப்பட்டிச் சோடாவும் மட்டும்.

வாங்குமுன் ஒரு கணக்கு. பானத்தில் சுறுசுறுவென்று கேஸ் நிற்க, ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 5 கிராம் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். 4 டிகிரி குளிரில் அதைப் பிடித்து வைக்க 10 பிஎஸ்ஐ (psi, அழுத்தத்தின் அளவு) போதும். பாளையங்கோட்டையில் பட்டாசலின் (வீட்டுக் கூடத்தின்) வெப்பம் சாதாரணமாக 30 டிகிரி; அங்கே அதே கேஸுக்கு 40 பிஎஸ்ஐ ஆகும். வெளிநாட்டுக் குறிப்புகளில் உள்ள அழுத்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டால் சப்பென்று இருப்பதற்குக் காரணம் இதுதான். கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் ஃபெர்மென்டர்களுக்குப் பெரும்பாலும் 35 பிஎஸ்ஐதான் எல்லை. எவர்சில்வர் கெக்குகளில் 130 பிஎஸ்ஐ என்று பொறித்திருக்கும். நம் ஊர் வெயிலுக்கு எவர்சில்வர்தான். இதில் இரண்டாம் யோசனை வேண்டாம்.

முதல் கட்டப் புளிப்பை கெக்கில் செய்யக் கூடாது. ஸ்கோபிக்கு (புளிக்கவைக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும் சேர்ந்த ஆடை) காற்று வேண்டும். லிட்டருக்கு 6 கிராம் தேயிலை, 60 கிராம் சீனி, பத்தில் ஒரு பங்கு பழைய புளித்த கொம்புச்சா. வாயகன்ற கண்ணாடி ஜாடியில் துணி கட்டித் தார்சாவின் நிழலில் வைத்தால், கோடையில் ஒரு வாரத்திலேயே பிஎச் 3-க்குப் பக்கத்தில் வந்துவிடும். பிறகு வடிகட்டி, 17 லிட்டர் மட்டும் கெக்கில் ஊற்ற வேண்டும். மேலே 2 லிட்டர் இடம் காலியாக இருந்தே ஆக வேண்டும். ஸ்பண்டிங் வால்வு பெரும்பாலும் பித்தளையில் வருகிறது. நுரை ஏறி அதற்குள் புகுந்தால், இந்தப் புளிப்பு பித்தளையை அரிக்கும்.

இனி, பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம். ஸ்பண்டிங் வால்வு புளிப்பை நிறுத்தாது. மிஞ்சிய கேஸை வெளியே விட்டுக் கலனைக் காப்பாற்றும், அவ்வளவுதான். உள்ளே ஈஸ்ட் சீனியைத் தின்றுகொண்டேதான் இருக்கும். லிட்டருக்கு 60 கிராம் சீனியும் மூடிய கலனில் புளித்தால், கணக்குப்படி 30 டிகிரியில் அழுத்தம் 300 பிஎஸ்ஐயைத் தாண்டும். கண்ணாடி பாட்டில் வெடிப்பது இதனால்தான். வால்வு இருந்தால் வெடிக்காது, ஆனால் ஆல்கஹால் ஏறும். காற்று இல்லாத இடத்தில் பாக்டீரியாவால் அதை வினிகராக மாற்ற முடியாது. லிட்டருக்கு 8 கிராம் சீனி புளித்தாலே அரை சதவீதம் ஆல்கஹால் சேர்ந்துவிடும். 0.5 சதவீதத்துக்கு மேல் போனால், நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளில் அது மதுபானம்.

ஆகவே முழு கேஸையும் புளிப்பிலிருந்தே எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். வால்வை 15 பிஎஸ்ஐயில் வைத்து, முள் அங்கே வந்ததும் கெக்கைக் குளிருக்கு மாற்றி, மிச்ச கேஸை சிலிண்டரிலிருந்து கொடுப்பதுதான் சரியான வழி. அந்த 15 பிஎஸ்ஐக்கு 17 லிட்டருக்கும் சேர்த்து 50, 60 கிராம் சீனி புளித்தால் போதும். கொம்புச்சாவில் மிச்சம் கிடப்பதே அதைவிட அதிகம். சித்திரையில் ஒரு நாளில் முள் ஏறிவிடும், மார்கழியில் இன்னும் ஓரிரு நாள் பிடிக்கும். காலையும் மாலையும் பார்க்காமல் ஊருக்குப் போகிறவர்களுக்கு இது ஒத்துவராது.

குளிரில் வைத்ததும் கேஜ் பூஜ்யத்துக்கு இறங்கும். லீக் என்று பதற வேண்டாம். கேஸ் முழுக்கத் தண்ணீருக்குள் கரைந்துவிட்டது. ஆனால் ஓர் ஆபத்து உண்டு. கெக்கின் நீள்வட்ட மூடி உள்பக்கமிருந்து மேல்நோக்கி அமர்வது. அதை இறுக்கிப் பிடிப்பதே உள்ளிருக்கும் அழுத்தம்தான். அழுத்தம் போனால் மூடியின் ரப்பர் வளையமான ஓ-ரிங் தளர்ந்து வெளிக்காற்று உள்ளே போகும். அதனால் ஃபிரிட்ஜுக்குள் தள்ளுமுன்பே சிலிண்டரை மாட்டி 12 பிஎஸ்ஐயில் விட்டுவிடுங்கள். ஒரு வாரத்தில் கேஸ் ஏறிவிடும். கெக் இரண்டடி உயரம். வீட்டு ஃபிரிட்ஜில் தட்டுகளைக் கழற்றினால்தான் நுழையும். அடுக்களையில் சண்டை வேண்டாம் என்றால் 9 லிட்டர் கெக் வாங்குவது நல்லது.

சிலிண்டரில் உணவுத் தரக் கேஸ்தானா என்று கேட்டு வாங்குங்கள். சோடா கம்பெனிக்காரர்களிடம் விசாரித்தால் எங்கே நிரப்புவது என்று தெரிந்துவிடும். 30 டிகிரியில் சிலிண்டருக்குள் அழுத்தம் 70 பாருக்கு மேல், அதாவது ஆயிரம் பிஎஸ்ஐக்கும் மேல். ரெகுலேட்டர் இல்லாமல் கெக்கில் மாட்டுவது தற்கொலை. 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் என்று தனியாக எதுவும் இருக்காது, அழுத்தம் வேகமாக ஏறும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். பூட்டிய அறையிலும் வைக்கக் கூடாது. கசிந்தால் வாசனையே தெரியாமல் மூச்சை அடைக்கும்.

பராமரிப்பில் எவர்சில்வர் தொல்லையே தராது. தேய்வது ரப்பர்தான். மூடிக்குப் பெரிய ஓ-ரிங் ஒன்று, கேஸும் பானமும் போய்வரும் இணைப்பு முனைகளான இரண்டு போஸ்டுகளுக்கும் வெளியே ஒவ்வொன்று, அவற்றிலிருந்து உள்ளே இறங்கும் குழாயான டிப்-டியூபின் கழுத்தில் ஒவ்வொன்று, ஆக ஐந்து. இஞ்சி வாசனை ரப்பரில் ஏறிவிட்டால் எத்தனை முறை கழுவினாலும் போகாது. இஞ்சிக்கு ஒரு செட், மற்றதற்கு ஒரு செட் என்று வைத்துக்கொள்வது மலிவான தீர்வு. தடவுவதற்கு உணவுத் தர சிலிக்கான் கிரீஸ் மட்டும். தேங்காய் எண்ணெய் காறல் வாடை அடிக்கும், வாஸ்லின் சில ரப்பர்களை ஊத வைக்கும். லீக் எங்கே என்று பார்க்க சோப்பு நுரையைத் தடவி, டார்ச் அடித்து, கால் மணி நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். ஊசிமுனைக் குமிழ் ஒன்று மெல்ல வீங்கினாலும் போதும், நாளடைவில் சிலிண்டர் காலியாகிவிடும்.

கருப்பட்டி போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ருசியில் அதற்கு ஈடில்லை. ஆனால் பதநீர்க் கலயத்தில் தடவிய சுண்ணாம்பும் பொடி மணலும் அதோடு கூடவே வரும். 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கொதிக்கவிட்டு, துணியில் வடித்து, ராத்திரி முழுக்கத் தெளியவைத்து, அடிவண்டலைத் தொடாமல் மேலாக இறுத்து ஊற்றுங்கள். ஒரே ஒரு மணல்பொடி போஸ்டுக்குள் இருக்கும் பாப்பெட்டில் (ஸ்பிரிங் வைத்த சிறு அடைப்பான்) உட்கார்ந்துவிட்டால் அது மூடாது, பானம் சொட்டிக்கொண்டே இருக்கும். அப்போது முழு அழுத்தத்தையும் மூடியிலிருக்கும் ரிலீஃப் வால்வு வழியாக வெளியேற்றிய பிறகே போஸ்டில் ஸ்பேனரை வைக்க வேண்டும். இஞ்சியைத் துருவிப் போட்டாலும் இதே கதைதான். நசுக்கிக் கொதிக்கவைத்து வடித்த சாறு போதும்.

கழுவ, 60 டிகிரி வெந்நீரில் லிட்டருக்கு 5 கிராம் சலவைச் சோடா போட்டு அரை மணி நேரம் ஊறவிடலாம். டிப்-டியூபுக்குள் நீளப் பிரஷ் போய்வர வேண்டும். திசையன்விளை, ராதாபுரம் பக்கத்து போர் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருக்கும் இடங்களில் சோடா போட்டதுமே வெள்ளையாகத் திரிந்து உட்சுவரில் ஒட்டும். அங்கெல்லாம் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோதான். ஏற்கெனவே படலம் பிடித்துவிட்டால், லிட்டருக்கு 10 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து ஒரு மணி நேரம் ஊறவிட்டால் போய்விடும். பிளீச்சிங் பவுடர் மட்டும் கிட்டே வரக் கூடாது; குளோரின் எவர்சில்வரில் ஊசிக்குழி போடும், அதை எடுக்க வழியே இல்லை. கம்பி நாரும் கூடாது.

பழைய கெக் கிடைத்தால் வாங்கலாம். குளிர்பானக் கம்பெனிகள் சிரப் அனுப்பப் பயன்படுத்தியவைதான் இவை. அடியிலிருக்கும் ரப்பர் வளையத்தை விலக்கி வெல்டிங்கைப் பாருங்கள், உள்ளே டார்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். பின்-லாக் வகைக்கு இணைப்பான்கள் வேறு. பால்-லாக் உதிரிகள் அதில் சேராது. வாங்கும்போதே ஒரு செட் ஓ-ரிங்கும் இரண்டு பாப்பெட்டும் சேர்த்து ஆர்டர் செய்துவிடுங்கள். உள்ளூர்க் கடைகளில் கிடைக்கும் பைப்-ஃபிட்டிங் ஓ-ரிங் அளவில் பொருந்தினாலும் பெரும்பாலும் உணவுத் தரத்தில் இருக்காது.