வேதாரண்யம் மணல்மேடுகளை வரைய எஸ்ஆர்டிஎம்மா, கோபர்னிகஸா?

இரண்டும் நிலத்தின் உயரத்தைக் கட்டம் கட்டமாகப் பதிந்த தரவுகள். இரண்டும் இலவசம், இரண்டிலும் ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். ஒற்றுமை அத்தோடு சரி.

எஸ்ஆர்டிஎம் 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்தது. வழக்கமாகக் கிடைக்கும் கோப்பில் உயரம் முழு மீட்டரில்தான் இருக்கும். மலைப்பகுதிக்கு இது போதும். காவிரிப் படுகையில் காலை வாரிவிடும்: வேதாரண்யத்துப் பழைய கடலோர மணல்மேடுகள் சுற்றுநிலத்தைவிடச் சில மீட்டரே உயர்ந்தவை. ஹில்ஷேட் (ஒளி-நிழலால் மேடுபள்ளம் காட்டும் படம்) போட்டால் மேடு தெரியாது, படிக்கட்டுதான் தெரியும்.

கோபர்னிகஸ் ஜிஎல்ஓ-30 டான்டெம்-எக்ஸ் செயற்கைக்கோள்கள் அளந்தது. தரவு பெரும்பாலும் 2011-15 காலத்தது. உயரம் தசமத்தில் வரும், இரைச்சல் குறைவு. மேடும் அடுத்த பள்ளமும் வரிவரியாகப் பிரியும். என் ஓட்டு இதற்கே. ஆனால் இதுவும் வெறுந்தரை அல்ல; சவுக்குத் தோப்பும் மேடாகவே பதியும். செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடாமல் கோடு போடாதீர்கள்.

எதை எடுத்தாலும் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் முதலில் யூடிஎம் 44 வடக்குக்கு, அதாவது தூரத்தை மீட்டரில் தரும் ஆயமுறைக்கு, மாற்றுங்கள். கிடைத்தூரம் டிகிரியிலும் உயரம் மீட்டரிலும் இருந்தால் சரிவு எங்கும் 90 டிகிரியை ஒட்டியே வரும். சமவெளி என்பதால் உயரத்தைப் பத்து மடங்காவது மிகைப்படுத்தலாம்.

ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து மணல் அள்ளிய அளவைக் கணக்கிடப் பார்ப்பவர்கள் உண்டு. எஸ்ஆர்டிஎம்மின் அடிமட்டம் (உயரத்தைப் பூச்சியமாகக் கொள்ளும் கடல்மட்ட மாதிரி) இஜிஎம்96, மற்றதற்கு இஜிஎம்2008. அதைச் சரிசெய்த பிறகும் ஓரிரு மீட்டர் வித்தியாசத்தை மாற்றம் என்று நம்ப முடியாது.