புள்ளி தருவதில் வேகம், திரும்ப எடுப்பதில் மௌனம்: ஓர் ஆஃபர்வால் சேவையின் மதிப்பீடு

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்திலுள்ள பகாவ் பட்டணத்தில் இருந்தபடி, ஆஃபர்களை முடிக்கும் உறுப்பினர்களுக்குப் புள்ளி வழங்கி, அந்தப் புள்ளிகளைப் பணமாக மாற்றித் தரும் சிறிய இணையத்தளம் ஒன்றை நடத்தி வருகிறேன். விளையாட்டுச் செயலியைப் பதிவிறக்கிக் குறிப்பிட்ட நிலையை எட்டுவது, கருத்தாய்வுக்குப் பதிலளிப்பது, ஏதேனும் ஒரு சேவையில் பதிந்துகொள்வது போன்ற ஆஃபர்களை என்னைப் போன்ற சிறிய நடத்துநர் விளம்பரதாரரிடமிருந்து நேரடியாகப் பெற முடியாது. விளம்பரதாரர்களின் ஆஃபர்களைத் திரட்டித் தளங்களுக்குத் தரும் ஆஃபர்வால் நிறுவனம் ஒன்று இடையில் இருந்தாக வேண்டும். அப்படி நான் பயன்படுத்தும் ஒரு சேவையைப் பற்றியதே இந்த மதிப்பீடு. அதன் விதிமுறைகளைப் பெயருடன் வெளியிட ஒப்பந்தம் இடம் தராததால், பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களைச் சேர்ந்த இல்லத்தரசிகளும், இடைநிலைப் பள்ளியின் படிவம் ஐந்தை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும்தான். குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த பிறகும், கைப்பேசிக்கு டாப் அப் போடும் பத்து ரிங்கிட் அவர்களுக்குப் பொருட்படுத்த வேண்டிய தொகையே. ஆகையால், ஓர் ஆஃபர்வால் எவ்வளவு விலை தருகிறது என்பதைவிட, கொடுத்ததைத் திரும்ப எடுக்கும்போது எப்படி நடந்துகொள்கிறது என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

தொழில்நுட்பத்தில் இந்தச் சேவைக்குத் தயங்காமல் நல்ல மதிப்பெண் தருவேன். உறுப்பினர் ஓர் ஆஃபரை முடித்ததும், அவருடைய எண், பரிவர்த்தனை எண், புள்ளித் தொகை, சரிபார்ப்புக் கையொப்பம் ஆகியவற்றைத் தாங்கிய போஸ்ட்பேக் என்னும் தானியங்கித் தகவல் எங்கள் சர்வருக்கு உடனே வந்து சேர்கிறது. நாங்கள் ரகசியச் சாவியைக் கொண்டு கையொப்பத்தைச் சரிபார்த்து, அதே பரிவர்த்தனை எண் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புள்ளியைச் சேர்க்கிறோம். சர்வர் முடங்கிப் பதில் அனுப்பாத நேரங்களில் அவர்களே மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்க்கிறார்கள். இடி மழையில் இணைப்பு அறுந்த இரவுகளில்கூட ஒருவருடைய புள்ளியும் தொலைந்ததில்லை.

வேண்டாத ஆஃபர்களை வகை வாரியாகத் தடுக்கும் வசதி இதன் இன்னொரு பலம். கைப்பேசி எண்ணைக் கொடுத்து, குறுஞ்செய்தியில் வரும் எண்ணைப் பதிந்ததும் சந்தாவாகி, வாரந்தோறும் கைப்பேசி இருப்பைக் கரைக்கும் ஆஃபர்களை நான் முதல் நாளே நிறுத்திவிட்டேன். அடையாள அட்டை எண் கேட்பவற்றுக்கும் எங்கள் தளத்தில் இடமில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 என்று ஒன்று இருப்பது ஒருபுறமிருக்க, தெரிந்த மனிதர்களின் விவரங்களை யாரென்றே தெரியாத நிறுவனத்திடம் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

மலேசியாவுக்கான ஆஃபர்கள் எண்ணிக்கையிலும் விலையிலும் குறைவு; அமெரிக்க உறுப்பினருக்குக் கிடைப்பதில் ஒரு சிறு பங்கே இங்கு வருகிறது. இந்த வேறுபாட்டைக் கண்டு சிலர், வேறு நாட்டில் இருப்பதுபோலக் காட்டும் விபிஎன் போட்டு நுழைகிறார்கள். அதைக் கண்டுபிடிக்கும் வடிகட்டி இந்தச் சேவையில் உண்டு என்றாலும், பல நேரங்களில் புள்ளியைக் கொடுத்து வெகுநாள் கழித்தே அது விழித்துக்கொள்கிறது.

என் பெரிய குறை இங்கேதான் தொடங்குகிறது. போலிக் கணக்கு, ஏற்கெனவே அதே செயலியை வைத்திருந்தவர், கட்டணம் செலுத்துமுன் விலகியவர் என ஏதோ ஒரு காரணத்துக்காக விளம்பரதாரர் மறுத்துவிட்டால், அந்தத் தொகை எங்கள் கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறது. அது நியாயமே. ஆனால், எங்களுக்கு வருவதோ மறுப்பைக் குறிக்கும் நிலை 2 என்றும், கழித்தல் 4,200 என்றும், ஒரு பரிவர்த்தனை எண்ணும் தாங்கிய ஒற்றை வரி மட்டுமே. காரணம் அதில் இருப்பதில்லை. "அக்கா, போன வாரம் நாலாயிரத்து இருநூறு புள்ளி இருந்துச்சே, இப்போ காணோம், யாரு எடுத்தா?" என்று பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் ஒரு பெண் கேட்டபோது, சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அவர் அந்த விளையாட்டை நேர்மையாகவே ஆடி முடித்தவர். ஆதரவுப் பிரிவுக்கு எழுதினால், விளம்பரதாரரின் முடிவு என்ற ஒரே பதில்தான் வருகிறது. பெருநகரத்துத் தளம் என்றால் முகம் தெரியாத உறுப்பினருக்கு மின்னஞ்சல் ஒன்றை அனுப்பிவிட்டு நகர்ந்துவிடலாம். இங்கே என் வீடு எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் புள்ளிகளை என் பங்கிலிருந்தே அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன்.

பணம் வரும் முறையையும் புதிதாகத் தொடங்குவோர் கவனிக்க வேண்டும். ஒரு மாத வருமானம் அந்த மாதம் முடிந்து 30 நாள் கழித்தே வருகிறது என்பதால், மாதத் தொடக்கத்தில் முடித்த ஆஃபரின் காசு கைக்கு வர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகிவிடும். டாலரில் பேபால் வழியாக வருவதை ரிங்கிட்டாக மாற்றும்போது சந்தை விலையைவிடக் குறைவாகவே கிடைக்கிறது. உறுப்பினர்களுக்கோ நாங்கள் டூயிட்நவ் என்னும் மலேசிய உடனடிப் பணமாற்றச் சேவை மூலம் கைப்பேசி எண்ணுக்கே அனுப்பிவிடுகிறோம். 5,000 ரிங்கிட் வரையிலான உடனடிப் பணமாற்றத்துக்கு 2018 ஜூலையிலிருந்து கட்டணம் இல்லாததால், ஐந்து ரிங்கிட் கேட்பவருக்கும் முழுதாகச் சென்று சேர்கிறது. ஆக, இரண்டு மாதப் பட்டுவாடாவுக்கான கையிருப்பு இல்லாதவருக்கு இந்தச் சேவையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கையிருப்பு உள்ளவர்கள் எடுத்துக்கொள்ளலாம். கருத்தாய்வுப் பிரிவு சிறப்பாகவே இயங்குகிறது, அவற்றில் புள்ளி திரும்ப எடுக்கப்படுவதும் குறைவு. விளையாட்டு ஆஃபர்களுக்கு மட்டும், புள்ளியைப் பணமாக்குவதற்கு முன் 30 நாள் காத்திருப்பை முதல் நாளிலிருந்தே வையுங்கள். அந்தப் புள்ளி ‘நிலுவையில்’ என்று உறுப்பினரின் கண்ணில் படும்படி காட்டுங்கள். மறுப்புக்கான காரணக் குறியீட்டையும் போஸ்ட்பேக்கில் சேர்த்து அனுப்புமாறு நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். அவர்கள் அதைச் செய்து தந்தால் எங்கள் தளத்தில் காத்திருப்பைப் பாதியாகக் குறைப்பேன்.