கட்டி இல்லன்னா எதுக்கு வந்தீங்கன்னு கேக்குறாங்க!

லண்டன்லருந்து ஊருக்கு வந்த பேங்க் வேலை, பத்திரம் எல்லாம் முடிஞ்சுது, அத விடுங்க. கோவில்பட்டில மதினிய மேமோகிராம் (மார்புப் புற்றுநோய் இருக்கான்னு பாக்குற எக்ஸ்ரே) எடுக்கக் கூட்டிட்டுப் போன கூத்தத்தான் சொல்லணும். 54 வயசாச்சு, இதுவரைக்கும் ஒருதடவ கூட எடுத்ததில்ல.

ஸ்கேன் சென்டர் கவுன்டர்ல இருந்த பொண்ணு "கட்டி இருக்காம்மா?"ங்குது. இல்ல. "வலி?" இல்ல. "பின்ன எதுக்கு வந்தீங்க, டாக்டர் சீட்டு எங்க?" இவ்வளவும் ஹால் முழுக்க கேக்குற மாதிரி, அங்க யூரின் டப்பாவோட மதினியோட சம்பந்தி வேற நிக்காரு, மதினி முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு "வா போவோம்"னு வாசலுக்கே போயிட்டாங்க. நான் விடல. கட்டி வர்றதுக்கு முன்னாடி பாக்கத்தானம்மா இந்த டெஸ்டேன்னு மல்லுக்கட்டுனேன். கம்ப்யூட்டர்ல "என்ன தொந்தரவு"ங்கிற கட்டத்த காலியா விட்டா பில்லு போடாதாம். கடைசில "வலி"ன்னு ஒரு பொய்ய அடிச்சுதான் உள்ள விட்டுச்சு, அதுவும் எந்தப் பக்கம்னு கேட்டு!

லண்டன்ல 50 ஆனா 71 வரைக்கும் 3 வருஷத்துக்கு ஒருக்க மேமோகிராம் எடுக்க வரச்சொல்லி லெட்டர் தானா வந்துரும், சூப்பர்மார்க்கெட் கார் பார்க்லயே அத எடுக்குற வேன் நிக்கும். 2020 மார்ச்ல கொரோனாவால அதுவும் நின்னு, கிட்டத்தட்ட 10 லட்சம் பேருக்கு ஸ்கிரீனிங் தவறிருச்சுன்னு பிரெஸ்ட் கேன்சர் நௌ அமைப்பு சொல்லுச்சு. அப்புறம் வந்த லெட்டர்ல நிறைய இடத்துல தேதியே கிடையாது, நாமளே போன் பண்ணி புக் பண்ணணும், அதுக்கே நாங்க அங்க அப்படிப் பொலம்புனோம். இங்க நின்னு போறதுக்கு லெட்டர்னு ஒண்ணு இருந்தாத்தான?

ஆனா அம்மாவுக்கு பிரஷர் மாத்திர வாங்க கவர்மெண்ட் பிஎச்சிக்கு (ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு) போனா அங்க வேற கத. நர்ஸம்மா மதினியப் பாத்து "30 தாண்டுனவங்கதான, வாங்கக்கா"ன்னு ஸ்கிரீனுக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போயி மார்புல கட்டி இருக்கான்னு கையாலயே பாத்து, வீட்ல எப்படிப் பாக்கணும்னும் மெதுவாச் சொல்லிக் கொடுத்தாங்க. பைசா செலவில்ல. 30லருந்து 65 வரைக்கும் 5 வருஷத்துக்கு ஒருதடவ இப்படிப் பாக்கணுங்கிறதுதான் நம்ம கவர்மெண்ட் திட்டம். கையால பாத்து என்ன தெரியப்போகுதுன்னு நெனைக்காதீங்க, மும்பை டாடா மெமோரியல் கேன்சர் ஆஸ்பத்திரிக்காரங்க 20 வருஷம் பாத்து 2021ல வெளியிட்ட ஆய்வுல 50க்கு மேல உள்ளவங்கள்ல மார்புப் புற்றுநோய்ச் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் கொறஞ்சிருக்கு.

கொரோனா சமயம் இந்த நர்ஸம்மாவ காய்ச்சல் முகாமுக்கும் சளி எடுக்கவும் அனுப்பிட்டாங்களாம், ரூம் பூட்டியே கெடந்துச்சாம். கட்டி இருந்தவங்க கூட பஸ்ஸும் இல்லாம ஈ-பாஸும் கிடைக்காம வீட்லயே இருந்திருக்காங்க. நாடு முழுக்க இதே நெலமதான், 41 கேன்சர் ஆஸ்பத்திரி கணக்குப்படி 2020 மார்ச்லருந்து மே வரைக்கும் புதுசா பதிஞ்சவங்க முந்தின வருஷத்தவிட 54 சதவீதம் கம்மி. இப்ப "பிரஷர், சுகர்காரங்க திரும்பி வந்துட்டாங்கக்கா, இதுக்குத்தான் யாரும் வரமாட்டேங்குறாங்க"ன்னாங்க நர்ஸம்மா.

மதினி அடுத்த வாரம் தெருவுல நாலு பேரக் கூட்டிட்டுப் போறாங்களாம். அந்தக் கவுன்டர்காரங்க எப்ப திருந்துவாங்களோ.