வடகடலா, தென்கடலா? கோடையில் வள்ளத்தை எங்கே கட்டலாம்

எங்கள் வீட்டில் இந்தச் சண்டை எப்போதும் தீராது. அப்பா வழி தங்கச்சிமடம், வடகடல்காரர்கள். அம்மா வழி ஏர்வாடிப் பக்கம், தென்கடல்காரர்கள். பாம்பன் பாலத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்ததோடு சரி, கரையில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. வடகடல், தென்கடல், அவ்வளவுதான். நான் இப்போது மதுரையில் கணினி முன்னால் உட்கார்ந்து பிழைக்கிறேன். ஆனாலும் ஏப்ரல் பிறந்துவிட்டால் கை அரிக்க ஆரம்பித்துவிடும், சித்தப்பா வள்ளமோ மாமா வள்ளமோ எது முதலில் கிடைக்கிறதோ அதில் ஏறிவிடுவேன். இரண்டு கடலிலும் நங்கூரம் போட்டுப் படுத்திருக்கிறேன், இரண்டிலும் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். அதனால் எனக்குப் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், சொந்தக்காரர்கள் கோபித்தால் கோபிக்கட்டும்.

முதலில் ஏன் கோடை என்பதைச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்ததை 2017-இல் கூட்டினார்கள். நாட்டுப்படகுக்கு இந்தத் தடை கிடையாது. மற்ற மாதங்களில் வடகடலில் வாரத்துக்கு மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று முறை வைத்துத்தான் கடலுக்குப் போகிறார்கள், நம் நாள் எது அவர்கள் நாள் எது என்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த 61 நாள் அந்தக் கணக்கெல்லாம் இல்லை. ராத்திரி தெற்கேயும் வடக்கேயும் பார்த்தால் ஒரு விளக்கு இருக்காது. போட்ட வலை போட்ட இடத்தில் இருக்கும்.

அடுத்தது காற்று. வாடை, அதாவது வடகிழக்கிலிருந்து வரும் காற்று, முடிந்து பிப்ரவரி, மார்ச்சிலேயே வடகடல் அடங்கிவிடும். ஏப்ரலில் இரண்டு கடலும் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடக்கும். மே பாதி தாண்டியதும் கச்சான் எழும்பும், அதாவது தென்மேற்கிலிருந்து வரும் காற்று. அன்றோடு தென்கடல் முரட்டுக் கடல், செப்டம்பர் வரை அப்படித்தான். அப்போது தென்கரை வள்ளங்கள் பல பாம்பன் கால்வாய் வழியாக வடகரைக்கு வந்துவிடும், வாடை எழும்பினால் எல்லாம் திரும்பித் தெற்கே போகும். ஆக, கோடை என்று ஒரே மூச்சில் சொல்கிறோமே தவிர, கச்சானுக்கு முன்னால் ஒரு கோடை, பின்னால் ஒரு கோடை. எது நல்ல இடம் என்று கேட்பவரிடம் சித்தப்பா எப்போதும் திருப்பிக் கேட்பது, "எந்தத் தேதிக்கு?"

வடகடலைப் பிடித்தவர்கள் சொல்லும் முதல் காரணம் ஆழம் இல்லாதது. பெரும்பாலான இடத்தில் பத்துப் பதினைந்து மீட்டருக்குள்தான் தரை. தங்கச்சிமடம் வடகரை, பிரப்பன்வலசை, அரியமான் எங்கே இறங்கினாலும் இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கவலையில்லாமல் நிற்கலாம், பிரப்பன்வலசையில் துடுப்புப் படகு ஓட்டிப் பழக வெளியூர்க்காரர்கள் வருவதும் இதனால்தான். தரை சேறும் மணலுமாக இருப்பதால் நங்கூரம் சட்டென்று பிடிக்கும். ஒரு சங்கடம், தாழை. கடலுக்கடியில் பாய் விரித்த மாதிரி புல் வளர்ந்து கிடக்கும், அதைத்தான் எங்கள் பக்கம் தாழை என்போம். நங்கூரம் அதில் விழுந்தால் ஒரு கொத்தைப் பிடுங்கிக்கொண்டு வழுக்கிக்கொண்டே போகும், மேலே இருப்பவனுக்குப் பிடித்துவிட்டது போலவே தோன்றும். தண்ணீர் தெளிவாக இருக்கும் காலையில் தாழை இல்லாத வெள்ளை மணல் திட்டாகப் பார்த்துப் போட வேண்டும். படகுக்கு மட்டும் இல்லை, புல்லுக்கும் அதுதான் நல்லது, ஆவுளியாவுக்கு அதுதான் சோறு. கடல் பசு என்று சொன்னால்தான் உள்ளூரைத் தாண்டியவர்களுக்குப் புரியும். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரமாக 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடல் பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். நான் இதுவரை ஒரே தடவை, அதுவும் முதுகை மட்டும் பார்த்திருக்கிறேன்.

மீன் என்று பார்த்தால் வடகடலில் காரல், சூடை, நண்டு, இறால், கணவாய். பெரிய மீனைத் தூண்டிலில் இழுத்துப் படம் எடுக்க நினைப்பவன் இங்கே வரவேண்டாம். ஆனால் கணவாய்க்கு இந்தக் கடலை அடிக்க முடியாது. சித்தப்பா செய்வது இப்படி. முதல் நாள் சாயங்காலம் ரோட்டோரத்துக் கொழிஞ்சிச் செடியை வேரோடு பிடுங்கி, ஆள் கட்டிப்பிடிக்கும் அளவுக்குக் கட்டாகக் கட்டி, அடியில் ஒரு கல், மேலே ஒரு மிதவை வைத்துக் கடலில் இறக்கிவிடுவார். கணவாய் முட்டையிட அந்தச் செடியைத் தேடி வரும். இரண்டு மூன்று நாள் கழித்து விடியலில் போய்ப் பக்கத்தில் மெதுவாக நங்கூரம் போட்டு, எஞ்சினை அணைத்து, பேச்சைக் குறைத்து, தூண்டிலை இறக்கி மேலும் கீழுமாகச் சுண்ட வேண்டும். பிடித்ததும் கனம் மட்டும்தான் தெரியும், மீன் மாதிரி உதறாது, ஈரத் துணியை இழுப்பது போல வரும். தண்ணீரை விட்டு வெளியே வரும் அந்த நொடியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். நான் திருப்பாமல் இருந்து, கறுப்பு மையோடு பிரப்பன்வலசை டீக்கடையில் போய் நின்ற கதையை அங்கே இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

வடகடலில் இரண்டு எரிச்சல். ஒன்று சொறி, அதாவது ஜெல்லி மீன். தண்ணீர் சூடேறியதும் கூட்டமாக வரும், பட்ட இடம் சாட்டையடி போல வரிவரியாகத் தடிக்கும். இன்னொன்றைத்தான் வெளியூர்க்காரர்கள் யோசிப்பதே இல்லை. கச்சான் காலத்தில் வடகரை அமைதியாகத் தெரிவதற்குக் காரணம், காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசுவது. கரையோரம் அலையே இருக்காது, குளம் மாதிரி இருக்கும். ஆனால் எஞ்சின் நின்றுபோனால் அதே காற்று படகை வடகிழக்கே தள்ளிக்கொண்டே போகும். அந்தப் பக்கம் கச்சத்தீவு, அதற்கு இப்பால் 1974 ஒப்பந்தத்தில் போட்ட எல்லைக் கோடு. போன வருடம் ஜூன் முதல் வாரத்தில் எங்களுக்கு அப்படி நின்றது. சித்தப்பா எஞ்சினைத் தொடவே இல்லை, முதலில் நங்கூரத்தைப் போட்டு இருந்த கயிறு முழுக்க விட்டார். "எஞ்சினை அப்புறம் பாத்துக்கலாம்டா, முதல்ல இருக்குற இடத்துல இருப்போம்." தென்கடல் தன் முரட்டுத்தனத்தை முகத்துக்கு நேரே காட்டிவிடும், வடகடல் சிரித்துக்கொண்டே இழுத்துப்போகும். மாமா வழக்கமாகச் சொல்லும் குற்றச்சாட்டு இது. இந்த விஷயத்தில் அவர் பக்கம்தான் நியாயம்.

சரி, தென்கடல். இங்கே பேச்சு முழுக்கப் பார்களைப் பற்றித்தான். கடலுக்கடியில் கிடக்கும் பாறைத் திட்டைப் பார் என்கிறோம். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் நடுவே 21 தீவுகள், 1986-இல் இருந்து அவை தேசியக் கடல் பூங்கா, 560 சதுர கிலோமீட்டர். தாத்தா காலத்தில் தீவுக்கரையில் வள்ளத்தைக் கட்டி, அங்கேயே கஞ்சி காய்ச்சிக் குடித்து, இரவு தங்கித் தொழில் செய்திருக்கிறார்கள். ஆனைப்பார், நல்லதண்ணி, அப்பா, முல்லி என்று தீவுப் பெயர்களை மாமா சொல்லும்போது சொந்த ஊர்த் தெருக்களைச் சொல்வது போல இருக்கும். இப்போது இறங்கக் கூடாது, பூங்கா எல்லைக்குள் வலை போடவும் கூடாது. ஆகவே தீவுகளுக்கு நடுவே புகுந்து வெளியே போய்த்தான் தூண்டில் இறக்க வேண்டும். வடகடலில் கரையிலிருந்து அரை மணி நேரத்தில் தொழில் ஆரம்பித்துவிடலாம், இங்கே எண்ணெய்ச் செலவே பாதி ஆளைத் தின்றுவிடும்.

ஆனால் போய்ச் சேர்ந்தால் இருக்கிறதே! ஏப்ரல் கடைசி வாரம், ஏர்வாடிக்குத் தெற்கே, விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால். தண்ணீர் அசையவில்லை. இரைக்கு முதல் நாள் கணவாயை விரல் நீளத்துக்கு நறுக்கி உப்புப் போட்டு வைத்திருந்தார் மாமா. தூண்டில் நரம்பை ஆள்காட்டி விரலில் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும், கையால் தெரிந்துகொள்ள வேண்டிய வேலை இது. விளைமீன் என்றால் டொக் டொக் என்று இரண்டு தட்டு, மூன்றாவதில் இழுப்பு. கலவா தட்டவே தட்டாது, ஒரே இழுப்பாகப் பார் இடுக்குக்குள் போய்விடும், அந்த நொடியில் இழுக்காவிட்டால் நரம்பை அறுத்துவிட வேண்டியதுதான். பாறை மீன் பிடித்தால் வள்ளம் முழுக்க ஓடும். ஓடிக்கொண்டே வஞ்சிரத்துக்கு இழுப்புத் தூண்டில் போடலாம். வஞ்சிரம் என்றால் மாமாவுக்குக் கோபம் வரும், அவருக்கு அது சீலா. "சென்னைக்காரன் வச்ச பேரை இங்க சொல்லாத மாப்ள."

நங்கூர விஷயத்தில் தென்கடல் படுத்தும் பாடு தனி. பார் இடுக்கில் சிக்கினால் அவ்வளவுதான். ஒருமுறை கடையில் வாங்கிய புது நங்கூரத்தை நானே பெருமையோடு போட்டு, நாலு பேர் இழுத்தும் வராமல், கயிற்றை வெட்டிவிட்டு வந்தோம். மாமா வைத்திருப்பது கொல்லுப்பட்டறையில் செய்த கம்பி நங்கூரம். நான்கு கம்பியை முனையில் வளைத்துக் கட்டியது, பார்க்க அசிங்கமாக இருக்கும். சிக்கினால் எஞ்சினைப் போட்டு ஒரே இழுப்பு, கம்பி நிமிர்ந்து வந்துவிடும், மேலே ஏற்றி மறுபடி வளைத்துக்கொள்ள வேண்டியதுதான். பாரின் மேல் போடாமல் அதை ஒட்டிய மணலில் போட்டுக் கயிறு விட்டு, வள்ளத்தைப் பாருக்கு மேலே வர வைப்பது அவர் வித்தை. பவளம் உடையாது, நங்கூரமும் மிஞ்சும். அதற்கு நீவாடு, அதாவது கடலின் நீரோட்டம், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும், மேலே ஒரு பக்கமும் அடியில் ஒரு பக்கமும் ஓடும் நாள்கள் உண்டு. நான் இன்னும் பாதி நேரம் தப்பாகத்தான் சொல்கிறேன்.

தென்கரையில் ராத்திரி கட்டிப்போட ஒரே இடம் சொல் என்றால் வாலிநோக்கம். முனை மூக்கு மாதிரி நீண்டு நிற்பதால் காற்று லேசாக எழும்பினாலும் அந்த மறைவில் படகு ஆடாமல் கிடக்கும். பின்னால் உப்பளம், முன்னால் கடல், ராத்திரி வெளிச்சம் குறைவு, வானம் முழுக்க நட்சத்திரம். கீழக்கரை, வேதாளை எல்லாம் பரவாயில்லை ரகம்.

தனுஷ்கோடியைச் சொல்லாவிட்டால் கேள்வி வரும். 1964 டிசம்பர் புயலில் ஊர் போனது, 2017-இல் அரிச்சல்முனை வரை ரோடு வந்தது, இப்போது வேன் வேனாகக் கூட்டம். பார்க்க அதைவிட அழகான இடம் இந்தக் கரையில் இல்லை, படகு நிறுத்த அதைவிட மோசமான இடமும் இல்லை. இரண்டு கடலும் மோதும் முனை, மணல் திட்டு ஆளைக் கேட்காமல் இடம் மாறும், நீவாடு இழுக்கும், குளிக்கக்கூட இறங்காதீர்கள். அங்கே பார்க்க வேண்டியது கரைவலை. வரிசையாக நின்று கயிற்றைத் தோளில் போட்டுப் பின்னாலேயே நடந்து இழுப்பார்கள், நீங்களும் கை கொடுத்தால் வலையின் மடியில் விழுந்த சூடையில் ஒரு பங்கு தராமல் அனுப்ப மாட்டார்கள். தாகம் எடுத்தால் அங்கே கையால் மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். இரண்டு பக்கமும் உப்புக் கடலாக இருக்க அது எப்படி என்று சின்ன வயதில் கேட்டதற்கு, மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து கிடக்கிறது என்றார் அப்பா. அதற்கு மேல் இன்றுவரை எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

வடக்கே தள்ளிப் போனால் தொண்டிக்குப் பக்கத்தில் காரங்காடு, அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறைப் படகு விடுகிறார்கள், வெயிலுக்கு இதமான இடம், மீன்பிடிக்க இல்லை. முத்துப்பேட்டை மழைக்காலம் முடிந்து போக வேண்டிய இடம், மே மாதத்தில் தண்ணீர் வற்றிச் சேறுதான் மிச்சம்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று. யாரோ ஒருவருக்குப் பணம் கொடுத்து மீன்பிடி வள்ளத்தில் ஏறாதீர்கள். கடலில் அடையாள அட்டை கேட்பார்கள், மாட்டிக்கொள்வது படகுக்காரர். குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகில் கூட்டிப்போகிறது. 1897-இல் விவேகானந்தர் வந்து இறங்கிய இடமும் அந்தக் குந்துகால்தான். உயிர்ச்சட்டை போட்டுக்கொள்ளுங்கள், நாங்கள் போடுவதில்லை என்பது எங்கள் முட்டாள்தனம்.

என் தீர்ப்பா? தூண்டிலுக்குத் தென்கடல், தூக்கத்துக்கு வடகடல். ஏப்ரல் 15-லிருந்து மே 10 வரை மாமா வீடு, அப்புறம் சித்தப்பா வீடு. அம்மா இதைக் கேட்டுவிட்டு "ரெண்டு பக்கமும் சோறு போடுவாங்கன்னு பேசுற" என்கிறார். ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் யோசிக்காமல் ஏப்ரல் கடைசியில் தென்கடல். ஒரு வாரம் லீவு என்றால் வடகடல். அதற்குள் நீங்கள் கணவாய் பிடிக்கக் கற்றுக்கொண்டு விடுவீர்கள், தென்கடல் பாரில் ஒரு வாரத்தில் நங்கூரம் தொலைக்கத்தான் கற்றுக்கொள்ள முடியும்.

வடகடலுக்கு வருபவர்கள் ஜூன் 14-க்குள் வந்துவிடுங்கள். போன வருடம் தடை முடிந்த இரண்டாம் நாள் காலையில் கொழிஞ்சிக் கட்டு இறக்கிய இடத்துக்குப் போனோம். மிதவையும் இல்லை, செடியும் இல்லை. தண்ணீர் கலங்கிப் பழுப்பாகக் கிடந்தது. சித்தப்பா கொஞ்ச நேரம் அங்கேயே சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, வள்ளத்தைத் திருப்பி, கரைக்கு வந்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டு மறுபடி கொழிஞ்சி பிடுங்கப் போய்விட்டார்.