சிக்கு கோலமும் கடைப் பேரும்: ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல எந்த ஸ்ட்ரோக் எதுக்கு?

பொங்கலுக்கு பாண்டி முத்தியால்பேட்டைல ஒரு துணிக்கடைக்கு 15 செகண்ட் வீடியோ. வாசல்ல சிக்கு கோலம் தானா வரைஞ்சுக்கிட்டே வரணும், முடிஞ்சதும் மேல கடைப் பேரு தடியான வெள்ளை அவுட்லைனோட வந்து நிக்கணும், அவ்ளோதான். கேக்க சின்ன வேலைதான், ஆனா ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல (அடோபியோட வீடியோ அனிமேஷன் சாஃப்ட்வேர்) ஸ்ட்ரோக்குங்குற, அதாவது கோடு போடுற, ஒரே பேர வச்சுக்கிட்டு அஞ்சு பேரு உக்காந்திருக்காங்க, அஞ்சும் அஞ்சு குணம். திருப்பாப்புலியூர்ல என் ரூம்ல ரெண்டு ராத்திரி அஞ்சையும் ஓட்டிப் பாத்தேன்.

மொதல்ல ப்ரஷ் டூல். லேயர டபுள் க்ளிக் பண்ணி தனியா தொறந்து, பெயிண்ட் பேனல்ல ட்யூரேஷன ரைட் ஆன்னு வச்சுட்டு வரைஞ்சா, கை போன வேகத்துலயே கோடும் ஓடும். பேனா டேப்லெட் இருந்தா அழுத்தத்துக்கு ஏத்த மாதிரி தடிமனும் மாறும், கையெழுத்துக்கு சூப்பர். நான் மவுஸ்ல வரைஞ்சேன், கோடு கடலூர் ரோட்டுல போற டவுன் பஸ் மாதிரி குலுங்குச்சு. டயாமீட்டர், ஹார்ட்னஸ், ஸ்பேசிங் எல்லாம் அப்புறமும் மாத்தலாம், ஆனா ஒவ்வொரு கோடும் டைம்லைன்ல தனித்தனியா நிக்கும், இருபது கோடுன்னா இருபது தடவை. விட்டுட்டேன்.

நெஜமான போட்டி அடுத்த ரெண்டுக்குள்ளதான்: ஜெனரேட் லிஸ்ட்ல இருக்குற ஸ்ட்ரோக் எஃபெக்ட், அப்புறம் ஷேப் லேயரோட (சாஃப்ட்வேருக்குள்ளயே வரையுற உருவம்) ஸ்ட்ரோக்.

ஸ்ட்ரோக் எஃபெக்ட் மாஸ்க் (படத்து மேல நாம வரையுற பாதை) மேல ஓடும். கோலத்த நெஜமா மாவுல போட்டு போட்டோ எடுத்து, அது மேல பென் டூல்ல மாஸ்க் போட்டு, பெயிண்ட் ஸ்டைல ரிவீல் ஒரிஜினல் இமேஜ்னு மாத்துனா, மாவுக் கோடே கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும், பாக்க அவ்ளோ அழகு. ஆல் மாஸ்க்ஸ், ஸ்ட்ரோக் சீக்வென்ஷியலி ரெண்டையும் டிக் பண்ணிட்டா எண்ட்ல ரெண்டே கீஃப்ரேம் (எந்த நேரத்துல எந்த அளவுன்னு வைக்கிற குறி) போதும், எல்லா மாஸ்க்கும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஓடும். ஆனா ப்ரஷ் சைஸ் 50க்கு மேல ஏறாது, 4கே-ல கொஞ்சம் தடியான கோடுன்னா மூடாது. அதவிட பெரிய தலைவலி, சிக்கு கோலம்னாலே கோடு தன்னையே வெட்டிக்கிட்டு போறதுதானே, ஒவ்வொரு வெட்டுலயும் இன்னும் வராத கோட்டோட ஒரு துண்டு முன்னாடியே எட்டிப் பாக்குது. அத மறைக்க படத்த துண்டு துண்டா வெட்டி தனித்தனி லேயராக்கணும், பதினஞ்சு இருபது வெட்டு இருக்குற கோலத்துல யாரு பண்ணுவா?

ஷேப் லேயர்ல இந்தப் பஞ்சாயத்தே இல்ல, ஏன்னா அங்க மூடித் தொறக்க எதுவும் கிடையாது, கோடே புதுசா பிறக்குது. ட்ரிம் பாத்ஸ் (கோட்டுல எவ்ளோ தெரியணும்னு வெட்டுறது) சேத்து எண்ட 0லேருந்து 100க்கு ஓட்டுனா முடிஞ்சுது. (பல பாத் இருந்து ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஓடணும்னா இன்டிவிஜுவலினு வைக்கணும், பேர் வச்சவரு என்ன நெனச்சு வச்சாரோ.) லைன் கேப் (கோட்டோட முனை), லைன் ஜாயின் (கோடு மடங்குற எடம்) ரெண்டையும் ரவுண்ட் ஆக்கிருங்க, கோலத்துக்கு கூர் முனை ஆகாது. புள்ளி வைக்க தனியா வட்டம் போட வேணாம்: ஒரு நேர்க்கோடு, டேஷ் 0, இடைவெளி (gap) 60, லைன் கேப் ரவுண்ட், வரிசையா புள்ளி விழுந்துரும். 2020ல வந்த டேப்பர்தான் கோலத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு, விரல் இடுக்குல மாவு விட்டு முடிக்கிற எடத்துல கோடு மெலியும்ல, எண்ட் லெங்த்த கொஞ்சம் ஏத்துனா அப்படியே வருது. குறைன்னா ஒண்ணு, கோடு ரொம்ப சுத்தம், பெயிண்ட் அடிச்ச மாதிரி. மேல ரஃபன் எட்ஜஸ் லேசா போட்டதும் மாவு மாதிரி ஓரம் உதிர்ந்துச்சு.

கடைப் பேருக்கு வேற கணக்கு. மொதல்ல ப்ரெஃபரன்சஸ்ல டைப் செட்டிங்ல டெக்ஸ்ட் எஞ்சின மாத்துங்க, இல்லன்னா "செ"ல கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்கும். கேரக்டர் பேனல் ஸ்ட்ரோக் எழுத்தோட ஓரத்துக்கு ரெண்டு பக்கமும் சமமா ஏறும், தடிமன ஏத்த ஏத்த ழ, ஞ உள்ள இருக்குற சந்தெல்லாம் அடைச்சுக்கும். ஃபில் ஓவர் ஸ்ட்ரோக்னு (எழுத்தோட நிறம் மேல, ஸ்ட்ரோக் கீழ) வச்சா சரியாகும், ஆனா 10 வச்சா வெளிய 5தான் தெரியும். சில ஃபான்ட்ல விசிறியோ கொக்கியோ எழுத்தோட சேர்ற எடத்துல நடுவுல கோடு விழும், அதுக்கு ஆல் ஃபில்ஸ் ஓவர் ஆல் ஸ்ட்ரோக்ஸ். லேயர் ஸ்டைல் ஸ்ட்ரோக்ல இந்தக் கூத்தே இல்ல, பொசிஷன அவுட்சைட்னு வச்சா எழுத்த தொடாம வெளிய மட்டும் ஏறும், ஒட்டுமொத்தமா ஒரே உருவமா எடுத்துக்குறதால நடுக்கோடும் வராது. எனக்கு இதுதான் செட் ஆச்சு.

காசு கட்ட முடியாதவங்க டாவின்சி ரிசால்வ்ங்குற எடிட்டிங் சாஃப்ட்வேரோட இலவச வெர்ஷன்ல அனிமேஷனுக்கு இருக்குற ஃப்யூஷன் பகுதிய பாக்கலாம், பாலிகன்ல பார்டர் விட்த்தும் ரைட் ஆனும் இருக்கு, டெக்ஸ்ட் ப்ளஸ்ல ஷேடிங்ல ரெண்டாவது எலிமென்ட ஆன் பண்ணா செவப்பு அவுட்லைன் ரெடியா நிக்கும், கலர் மட்டும் மாத்துனா போதும். மேக் வச்சிருக்கவங்களுக்கு ஆப்பிள் மோஷன்ல அவுட்லைனுக்கு படத்தையே ப்ரஷ்ஷா போடலாம், மாவு படிஞ்ச மாதிரி ஒரு படம் கெடச்சா ரஃபன் எட்ஜஸ் கூட தேவைப்படாது.

ரெண்டாவது ராத்திரி அம்மாகிட்ட காட்டுனேன். ரெண்டு தடவை ஓட்டிப் பாத்துட்டு, "மூணாவது வரிசையில கடைசிப் புள்ளி சுத்தாம நிக்குதேடா, கோலமா இது?"ன்னாங்க. போட்டோல பண்ணியிருந்தா மாவ மறுபடி போட்டு, படம் எடுத்து, மாஸ்க்கும் போட்டிருக்கணும். ஷேப் லேயர்ல அந்த எடத்துல ஒரு பாயின்ட இழுத்து புள்ளிய சுத்தி வளைச்சு விட்டேன், கீஃப்ரேம் ஒண்ணையும் தொடல.