ஒரு லட்சத்து இருபதாயிரம் வாங்கிக்கொண்டு மலையேறாத சமையல் கான்ட்ராக்டர்

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன்: 1,20,000 ரூபாய். என் தங்கை கல்யாணச் சாப்பாட்டுக்காக ஒரு சமையல் கான்ட்ராக்டருக்கு நாங்கள் கொடுத்த முன்பணம். கல்யாணம் போன ஞாயிற்றுக்கிழமை நடந்துவிட்டது. சாப்பாடு வரவில்லை. வந்து இறங்கியதைச் சாப்பாடு என்று சொல்ல வாய் கூசுகிறது. மலையிலோ காட்டிலோ குலதெய்வக் கோயிலிலோ, மண்டபமும் சமையற்கட்டும் இல்லாத இடத்தில் விசேஷம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

இடம் கொல்லிமலை. அறப்பளீசுவரர் சன்னிதியில்தான் தாலி கட்ட வேண்டும் என்பது அப்பாவின் வேண்டுதல். போனவர்களுக்குத் தெரியும், காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அதை ஏறி முடித்தாலும் செம்மேட்டைத் தாண்டி இன்னும் உள்ளே போக வேண்டும். டீக்கடை உண்டு, அன்னாசிப்பழம் நறுக்கி விற்பார்கள், மிளகு வாங்கலாம். முந்நூறு பேருக்கு இலை போட ஆள் கிடையாது. நாமக்கல்லில் எங்களுக்குப் பழக்கமான மாஸ்டர்கள் எல்லோரும், "ஆவணி முகூர்த்தத்தில் கீழேயே வேலை தலைக்கு மேல் இருக்கிறது, மலைக்கு யார் பாத்திரம் ஏற்றுவது" என்று கைவிரித்துவிட்டார்கள்.

அப்போதுதான் கல்யாண வேலைகளுக்கென்றே இருக்கும் ஒரு செல்போன் செயலியில் இந்த மனிதரைப் பிடித்தோம். பெயருக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' முத்திரை. உணவுப் பாதுகாப்புச் சான்றிதழின் படம். ஏற்காட்டில் செய்தேன், ஏலகிரியில் செய்தேன் என்று வரிசையாகப் பந்திப் படங்கள்.

படத்தைப் பார்த்துப் பணம் கொடுக்கும் குடும்பம் இல்லை எங்களுடையது. வீட்டுக்கு வரச் சொன்னோம். வந்தார். காபியைக்கூடக் குடிக்காமல் நேராக அடுக்களைக்குப் போய், அம்மாவிடம் ஒரு பிடி அரிசி கேட்டார். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, நொய்யை ஊதித் தள்ளிவிட்டு, ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்தார். "இது புது அரிசி அம்மா. மேலே போனால் காலை வாரிவிடும். மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், ஆனால் அந்தக் கொதி போதாது. துவரம்பருப்பை முன்னிரவே ஊறப் போடாவிட்டால் முகூர்த்தம் முடிந்தும் வேகாது" என்றார். நான் அன்றிரவே தேடிப் பார்த்தேன். அத்தனையும் உண்மை. ஆயிரம் மீட்டருக்கு மேல் போனால் தண்ணீர் 97 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுகிறது. பருப்புக்கு அந்தச் சூடு போதாமல் நேரம் இழுக்கிறது.

பிறகு தினசரிக் காலண்டரில் கிழித்த தாளைத் திருப்பி, சாமான் லிஸ்ட் எழுதினார். அந்தத் தாள் இப்போது என் மேசையில் இருக்கிறது. கோட்டை அடுப்பு 3. பெரிய அண்டா 4. ஜாரிணி 6. சிப்பல் தட்டு 5. சிலிண்டர் 6, அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு 'குளிருக்கு ஒன்று உபரி'. மலைக் குளிரில் ஒரே சிலிண்டரில் பெரிய அடுப்பை எரித்தால் உருளையின் வெளியே பனி பூத்து வாயு வேகம் குறையுமாம், மாற்றி மாற்றிப் போட வேண்டுமாம். இதையெல்லாம் கேட்ட அம்மா, "தொழில் தெரிந்த பிள்ளை" என்று சொல்லிவிட்டார். வேறென்ன சொல்வார்? நீங்கள் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். தெரியாதவன் ஏமாற்றினால் ஒரு மாதிரி. தொழிலின் நுணுக்கம் அத்தனையும் தெரிந்தவன் அந்தத் தெரிந்ததையே தூண்டிலில் கோத்துப் போட்டதுதான் எனக்கு ஆறவில்லை.

கணக்கு இதுதான். முதல் நாள் இரவு 150 இலை, இலைக்கு 220. காலை டிபன் 300 இலை, 180. மதிய விருந்து 300 இலை, 350. மலைக்கு வண்டி 8,000. மொத்தம் இரண்டு லட்சம். சந்தகையும் தேங்காய்ப்பாலும் இரவுக்கு, ஒப்புட்டும் பச்சைப்பயறு கடைசலும் மதியத்துக்கு என்று அம்மா பார்த்துப் பார்த்துச் சொன்னார். நூற்றுக்கு அறுபது முன்பணம். அதில் 20,000 செயலி வழியாகப் போனது. மீதி ஒரு லட்சத்தைத் தன் கணக்கிற்கே அனுப்பச் சொன்னார். "அவர்கள் கழிவு பிடிக்கிறார்கள் அக்கா, அந்தக் காசில் உங்களுக்கு ஒரு இனிப்பு கூடப் போட்டுவிடுகிறேன்." செயலியின் வாடிக்கையாளர் எண்ணில் கேட்டபோது, "தொகையை உங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தது. இந்த வரியை நினைவில் வையுங்கள்.

சனிக்கிழமை மதியத்துக்குள் பாத்திரமும் ஆட்களும் மேலே வந்துவிட வேண்டும் என்பது பேச்சு. மதியம் போயிற்று. மூன்று மணிக்கு அழைத்தால், "காரவள்ளி தாண்டிவிட்டோம் அக்கா." ஐந்து மணிக்கு, "வண்டி சூடாகி 43-வது வளைவில் நிற்கிறது, ஆறவிட்டு வருகிறோம்." சிக்னல் வேறு பேசும்போதே அறுந்து அறுந்து போகிறது. தூறல் விழத் தொடங்கிவிட்டது. பந்தலில் மாப்பிள்ளை வீட்டு வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து இறங்குகின்றன, குழந்தைகள் பசி என்று அழுகின்றன.

என் வீட்டுக்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு வண்டியைத் தேடிக் கீழே இறங்கினார். ஒவ்வொரு வளைவிலும் எத்தனையாவது வளைவு என்று பலகை இருக்கும். 43-இல் ஒன்றும் இல்லை. 30-இல் இல்லை. அடிவாரம் வரை இறங்கிவிட்டார், ஒரு வண்டியும் நிற்கவில்லை. அங்கே நின்றுகொண்டு அந்த ஆளை அழைத்து, ஒன்றும் தெரியாதவர் போல, "இப்போது எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

"51-வது வளைவு அண்ணா. இதோ வந்துவிட்டோம்."

இரவு பத்து மணிக்கு மேல் ஒரு குட்டியானை வந்தது. அடுப்பு இல்லை, சிலிண்டர் இல்லை, மாஸ்டர் இல்லை. மூன்று பையன்களும் மூடிய அலுமினியத் தேக்சாக்களும் மட்டும். காலையிலேயே கீழே எங்கேயோ சமைத்து, மூடி போட்டுக் கட்டி, நாள் முழுக்க வைத்திருந்து அனுப்பியிருக்கிறார்கள். சாம்பார் தேக்சாவின் மூடியைத் திறந்தேன். மேலே சோப்பு நுரை போலக் குமிழி கட்டியிருந்தது, கரண்டியை விட்டதும் பொறுபொறுவென்று சத்தம். புளிப்பு வாடை முகத்தில் அடித்தது. தேங்காய்ப்பால் திரிந்து தண்ணீர் தனியே நின்றது. சந்தகை ஒரே பாளமாக இறுகியிருந்தது, கையால் பிய்த்தால் நூல் விட்டது. சமைத்ததை 60 டிகிரிக்கு மேல் சூடாகவே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் கிருமி பெருகிவிடும் என்பது உணவுத் தொழிலின் அரிச்சுவடி. அரிசியைப் பல்லில் கடித்துப் பார்த்த மனிதருக்கு இது தெரியாதா? யாராவது இருட்டில் அள்ளிப் போட்டுச் சாப்பிட்டிருந்தால் மறுநாள் கல்யாண வீடு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும்.

அந்தப் பையன்களைத் திட்டவும் முடியவில்லை. "வண்டியில் ஏறு என்றார்கள் அக்கா, ஏறினோம். மாஸ்டர் யார் என்றே எங்களுக்குத் தெரியாது" என்றார்கள். அவர்களும் மதியத்திலிருந்து சாப்பிடவில்லை. அம்மா ரொட்டி கொடுத்தார்.

அன்றிரவு எல்லோரும் பிஸ்கட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டுப் படுத்தோம். மறுநாளைக் காப்பாற்றியது மலைக்காரர்கள். டீக்கடை அம்மா விடியும் முன்பே எழுந்து, ஊர்ப் பெண்களைக் கூட்டி வந்தார். காலையில் ரவை உப்புமா, மதியம் அவர்கள் நிலத்தில் விளைந்த சாமையில் சோறு, பருப்புக் குழம்பு, ரசம். ஈர விறகை ஊதி ஊதிப் பொங்கிப் போட்டார்கள். அதற்கு அவர்கள் கேட்ட கூலியைச் சொன்னால் எனக்கு அழுகை வரும். சோறு நன்றாகவே இருந்தது. ஆனாலும் மாப்பிள்ளையின் பெரியப்பா இலையைப் பார்த்துவிட்டு, "ஒப்புட்டு கடைசிப் பந்திக்கா?" என்று கேட்டார். என் அப்பா பதில் சொல்லவில்லை. எழுந்து பந்தலுக்கு வெளியே போய்விட்டார்.

இனி பணம். 1,20,000.

திங்கட்கிழமை அந்த ஆளை அழைத்தேன். துளி பதற்றம் இல்லை. "வண்டி வந்ததே அக்கா, சாப்பாடு இறக்கினோமே" என்று சொல்லி, குட்டியானையிலிருந்து தேக்சா இறக்கும் படத்தை அனுப்பினார்! அந்தப் பையன்களில் ஒருவனை விட்டு எடுத்து வைத்திருக்கிறார். "மலைப் பாதையில் குலுங்கினால் புளிக்கத்தான் செய்யும், அதற்கு நான் என்ன செய்வேன்?" மேலே வந்து சமைப்பதாகத்தானே பேச்சு என்றால், "லிஸ்டில் அப்படி எழுதியிருக்கிறதா, பாருங்கள்" என்கிறார். குளிருக்கு உபரி சிலிண்டர் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தவர் இவர். கடைசியில், மீதி எண்பதாயிரத்தை எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டார். காதில் விழுந்ததை நம்ப முடியாமல் மறுபடி கேட்டேன், மறுபடியும் அதையே சொன்னார். அதன் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார். வீட்டுக்காரரின் போனிலிருந்து அழைத்தால் ஒரு பெண் எடுத்து, "அவர் கல்யாண வேலையில் இருக்கிறார்" என்கிறார். எந்தக் குடும்பத்தின் கல்யாணமோ, அவர்கள் குலசாமிதான் காப்பாற்ற வேண்டும்.

செயலிக்காரர்கள் இவரையே தோற்கடித்துவிட்டார்கள். "உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்" என்று இயந்திரம் எழுதிய பதில் முதலில். ஒரு மனிதக் குரலைப் பிடித்ததும், "நாங்கள் அறிமுகம் செய்து வைப்பவர்கள் மட்டுமே. 20,000 ரூபாய்தான் எங்கள் வழியாக வந்தது. மீதி உங்கள் இருவருக்கும் உள்ள ஏற்பாடு." உங்களுக்குள் பேசிக்கொள்ளலாம் என்று சொன்னது யார்? அந்தப் பதிவு தங்களிடம் இல்லையாம். நான் எழுதிய விமர்சனத்தை 'விதிமுறைக்கு உட்படவில்லை' என்று நீக்கிவிட்டார்கள். பச்சை முத்திரை மட்டும் இன்று காலை வரை அப்படியே இருக்கிறது.

அந்த முத்திரையின் லட்சணத்தையும் சொல்கிறேன். சான்றிதழ் படத்தில் இருந்த பதினான்கு இலக்க எண்ணை, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 'ஃபாஸ்காஸ்' தளத்தில் போட்டுப் பார்த்தேன். வேறு மாவட்டத்துப் பேக்கரி ஒன்றின் பெயர் வருகிறது. இதைப் பார்க்க எனக்கு ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. சரிபார்ப்பதற்கென்றே கழிவு வாங்கும் நிறுவனத்துக்கு இதற்கு நேரமில்லை.

போலீஸ் நிலையத்தில், "இது கொடுக்கல் வாங்கல் தகராறு அம்மா, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போங்கள்" என்றார்கள். போகத்தான் போகிறேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தாயிற்று. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது, வீட்டிலிருந்தே 'இ-ஜாக்ரிதி' தளத்தில் தாக்கல் செய்யலாம். இணையவழி வணிகத்துக்கான 2020 விதிகளின்படி, புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகக் குறைதீர் அலுவலர் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். செயலியில் குறைதீர் அலுவலர் என்று போட்டிருக்கும் மின்னஞ்சலுக்கு எழுதினால் கடிதம் திரும்பி வருகிறது. அதையும் படம் பிடித்து வைத்திருக்கிறேன்.

"முன்பே விசாரித்திருக்கலாமே" என்று சொல்லும் உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. அவர் அரிசி கடித்த அன்று நீங்களும் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள், வாயைப் பிளந்துகொண்டு.

விவரமாகச் சொல்வதாக எழுதியிருந்தேன், எழுத எழுதக் கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் எண்ணை நீங்களே தளத்தில் போட்டுப் பாருங்கள், படத்தை நம்ப வேண்டாம். சமைப்பது எங்கே, மேலேயா கீழேயா என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அடுப்பும் சிலிண்டரும் இடத்தில் இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு பெரிய தவணையைக் கொடுங்கள். வண்டி எண்ணையும் ஓட்டுநர் எண்ணையும் முதல் நாளே வாங்குங்கள். மலையில் ஏற்கெனவே சமைத்துப் போடும் ஊர்க்காரர்களை முதலில் கேளுங்கள், செயலியைப் பிறகு பார்க்கலாம்.

இன்னும் இரண்டு மூன்று இருக்கின்றன, பிறகு சேர்க்கிறேன். வாடகைப் பாத்திரக் கடைக்காரர் வாசலில் வந்து நிற்கிறார். அந்த ஆள் தேக்சாக்களை என் அப்பா பெயரில் எடுத்திருக்கிறாராம், இரண்டு மூடிகளைக் காணோமாம்.