ஃபவுண்டன் கிராஸ்: பாலைவனத் தோட்டத்தில் பல ஆண்டு அனுபவம்

அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரப் புறநகரில் நாங்கள் வாங்கிய வீட்டின் முன்புறத்தில், சரளைக்கல் பரப்பிய தோட்டத்தின் ஓரமாக, முன்பு குடியிருந்தவர்கள் ஃபவுண்டன் கிராஸ் என்னும் அலங்காரப் புல்லை வரிசையாக நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இங்கு வீடு வாங்கும் பலருக்கு இந்தப் புல் வீட்டோடு சேர்ந்தே வருவதால், அதனுடன் நெடுநாள் பழகிய அனுபவத்தை விரிவாக எழுதுகிறேன். எங்களிடம் இருந்தது பச்சை இலை கொண்ட மூல வகை. வட ஆப்பிரிக்காவையும் மேற்கு ஆசியாவையும் தாயகமாகக் கொண்ட இதன் பழைய அறிவியல் பெயர் பெனிசெட்டம் செட்டேசியம். இப்போது சென்க்ரஸ் செட்டேசியஸ் என்று எழுதுகிறார்கள். நம் ஊர்க் கம்புக்கு இது நெருங்கிய உறவு என்பது கதிரைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏறக்குறைய மூன்றடி உயரத்துக்கு எழும்பி நாலாபுறமும் வளைந்து விழும் மெல்லிய இலைகளுக்கு மேலே, இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நீண்ட கதிர்கள் தலைநீட்டும்; நாளாக ஆக அவை வெளிறி வைக்கோல் நிறத்துக்கு மாறும். மேற்கு வெயில் பின்புறமிருந்து விழும்போது கதிரின் ஒவ்வொரு மயிரும் தனித்தனியே மின்னும். கள்ளிகளும் கல்லுமாகக் கிடக்கும் முற்றத்தில் காற்றுக்கு அசையும் ஒரே செடி இதுதான் என்பதால், வருகிறவர்களின் கண் முதலில் இதன் மேல்தான் போகும்.

பராமரிப்பும் அற்பம். வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டும் கோடையில் சொட்டுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு, அதை நாங்கள் கவனிக்காமல் விட்ட நாட்களில்கூட, பக்கத்திலிருந்த ரோஜா கருகியதே தவிர இந்தப் புல் வாடவில்லை. உரம் கேட்டதில்லை; பூச்சி அண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்காலத்தின் இறுதியில், தூரைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுத்துவிட்டால், வெட்டியது சிதறாமல் ஒரே கட்டாகக் கைக்கு வந்துவிடும். இலையின் விளிம்பு சுரசுரப்பானது என்பதால் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அவசியம்.

தொல்லை தொடங்குவது இதற்குப் பிறகுதான். விதை உண்டாக இந்தப் புல்லுக்கு இன்னொரு செடியின் மகரந்தமே தேவையில்லை. ஒற்றைத் தூர் இருந்தாலும் போதும். பஞ்சுபோன்ற மயிர்களுடன் உதிரும் விதைகள் காற்றிலும் மழைநீரிலும் பயணிப்பதோடு, நாயின் உடம்பிலும் நம் காலுறையிலும் ஒட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு, வாரந்தோறும் தெருவைச் சுத்தம் செய்யும் ஆட்கள் இலை ஊதும் இயந்திரத்தால் அவற்றை அடுத்த வீட்டுக்கு வழியனுப்பி வைக்கிறார்கள். மதில் சுவரின் அடிப்பகுதி, நடைபாதைக்கும் சாலைக்கும் இடையிலுள்ள வெடிப்பு, மற்றச் செடிகளுக்கு நீர் சொட்டும் இடம் என ஈரம் துளியேனும் தங்கும் இடத்திலெல்லாம் கம்பி போன்ற நாற்றுகள் முளைத்தன. அவற்றில் மிகவும் சோதித்தது, கற்றாழை போலத் தோன்றும் அகேவின் மடல்களுக்கு நடுவே முளைத்ததுதான்: மடல் நுனி முட்களுக்கிடையே கையை நுழைத்து இழுத்தால் புல்லின் மேல்பகுதி மட்டும் அறுந்து வரும், தூர் உள்ளேயே தங்கிவிடும். பிறகு நீண்ட இடுக்கியும் பொறுமையும்தான் துணை.

இவை என் முதுகு வலியோடு முடிந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், மழைக்கு மட்டும் நீர் ஓடும் வறண்ட ஓடை ஒன்று பாலைவனத்தை நோக்கிப் போகிறது. அதன் கரையில் யாரும் நடாத ஃபவுண்டன் கிராஸ் தூர்கள் நிற்கின்றன. சொனோரன் பாலைவனத்தில் செடிக்கும் செடிக்கும் நடுவே வெறும் மண் கிடப்பதால், மின்னலில் ஒரு மரம் பற்றினாலும் நெருப்பு வெகுதூரம் பரவ இடமிருந்ததில்லை. அந்த இடைவெளியைக் காய்ந்த புல் நிரப்பிவிட்டால் நெருப்புக்குப் பாதை கிடைத்துவிடுகிறது. எரிந்த பின் புல் தூரிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது. ஒரு கிளை விடுவதற்கே அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் சவாரோ கள்ளி அப்படி மீள்வதில்லை.

இதே வேலையை இங்கு இன்னும் பெரிய அளவில் செய்வது பஃபெல் கிராஸ். காங்கேயம் பக்கத்துக் கொரங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களில் மாடுகளுக்கு உயிராதாரமாக இருக்கும் நம் கொழுக்கட்டைப் புல்தான் அது. டூசானில் உள்ள அரிசோனா-சொனோரா பாலைவன அருங்காட்சியகம் தன்னார்வலர்களைக் கொண்டு அதைப் பிடுங்கி எறியும் இயக்கமே நடத்துகிறது. கொங்கு நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை நம்பவே சற்று நேரம் பிடிக்கும். ஃபவுண்டன் கிராஸைப் பொறுத்தவரை, ஹவாய்ப் பெருந்தீவின் மேற்குப் பகுதி உலர்காடுகள் இதனாலேயே தீக்கு இரையாகி வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் இதைத் தன் ஆக்கிரமிப்பு உயிரினப் பட்டியலில் சேர்த்து, விற்பதையும் வளர்ப்பதையும் தடை செய்தது.

ஆகவே, மதில் சுவருக்குள் மட்டும் பார்த்தால் ஐந்துக்கு ஐந்து கொடுக்க வேண்டிய இந்தச் செடிக்கு, நான் ஒன்றுக்கு மேல் கொடுக்க மாட்டேன். தண்ணீரும் கவனிப்பும் இல்லாமல் தழைப்பதைத்தான் நாம் சிறப்பாக எண்ணி வாங்குகிறோம். அந்தச் சிறப்பு வேலியோடு நின்றுவிடுவதில்லை.

செங்கருநீல இலை கொண்ட ‘ரூப்ரம்’ வகை வேறு. பெரும்பாலும் விதை பிடிக்காத அதைத் தொட்டியில் வளர்த்திருக்கிறேன். ஒரு நாற்றுகூடக் கண்ணில் பட்டதில்லை. ஆனால் நீர் அதிகம் கேட்கிறது, உறைபனியில் கருகிவிடுகிறது. இரண்டும் ஒரே பெயரில் விற்கப்படலாம் என்பதால், பெயர்ச்சீட்டை விட இலையின் நிறத்தைப் பார்த்து வாங்குவதே மேல்.

பழைய தூர்களைத் தோண்டிய இடத்தில் இப்போது, இம்மண்ணுக்கே உரிய மியூலன்பெர்ஜியா ரிஜென்ஸ் என்னும் புல் நிற்கிறது. கதிர் அவ்வளவு பகட்டாக இராது, நிலைகொள்ளும்வரை தண்ணீரும் கேட்கும். ஆனால் உருவமும் அசைவும் ஏறக்குறைய அதேதான். பழைய புல்லை அகற்ற நினைப்பவர்கள் கதிர் முற்றுவதற்கு முன்பே அவற்றை வெட்டிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, உரக்குழியில் போடாமல் குப்பையோடு அனுப்பிவிட்டு, பிறகு கடப்பாரையால் தூரை முழுதாகப் பெயர்க்க வேண்டும். விதை மண்ணில் ஆறேழு ஆண்டுகள் உயிரோடு இருக்கும் என்பதால், ஒவ்வொரு பருவமழைக்குப் பிறகும், மண் ஈரமாக இருக்கும்போதே, சுவரோரத்தை ஒருமுறை சுற்றிவந்து நாற்றுகளைப் பிடுங்குவது தொடர்ந்துகொண்டே இருக்கும் வேலை.